மெஸ்கால்: தனியாகவா, காக்டெய்லாகவா?

மெக்சிகோவின் வஹாகா நகரத்து மெஸ்கால் பாரில் உட்கார்ந்ததும் வரும் கேள்வி இது. மெஸ்கால் என்பது அகாவே என்ற செடியிலிருந்து வடிக்கும் மது.

தனியாக என்றால், கோபிதா என்ற சிறு கிண்ணத்தில் தருவார்கள். கூடவே ஆரஞ்சுத் துண்டும், புழுவை வறுத்து அரைத்துச் சேர்த்த உப்பும். (ஆமாம், அந்தச் செடியிலேயே வாழும் புழுதான்.) ஒரே மடக்கில் விழுங்கக் கூடாது; உதட்டை நனைத்து நனைத்துச் சுவைக்க வேண்டும். அகாவே நம்மூர் ஆனைக்கற்றாழையின் இனத்துச் செடி. இலைகளைச் சீவிவிட்டு நடுப்பகுதியை மண்குழியில், சூடேறிய கற்களின்மேல் சில நாட்கள் சுடுகிறார்கள். அந்தப் புகை மணம் மெல்லக் குடித்தால்தான் பிடிபடும். எஸ்பதீன் வகை விளைய 6 முதல் 8 ஆண்டுகள் ஆகும். காட்டுவகையான தொபலாவுக்கு 10 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு காலம் காத்திருந்த தொபலாவை எலுமிச்சைச் சாற்றில் மூழ்கடிக்க எனக்கு மனசு வராது.

அதற்காகக் காக்டெய்ல் மட்டம் என்று சொல்ல மாட்டேன். மார்கரீட்டா என்ற எலுமிச்சைக் காக்டெய்லில் டெக்கீலாவுக்குப் பதில் எஸ்பதீன் மெஸ்காலை ஊற்றினால் புளிப்பும் புகையும் அருமையாகச் சேரும். புகை வாசம் பழகாதவர்கள் அதில் தொடங்கலாம். அப்புறம், இரண்டாவது சுற்றுக்குக் கோபிதா கேளுங்கள்.