ஏர்ஸ்ட்ரீம் பாலிஷுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க

ஏர்ஸ்ட்ரீம்னா காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற அலுமினிய ட்ரெய்லர் வீடு, என்னோடத பாலிஷ்ங்கற பேர்ல ஒரு கடை கெடுத்துடுச்சு. மொதல்லயே சொல்லிடறேன், அந்த கடை பேரு கேட்டு யாரும் மெசேஜ் பண்ணாதீங்க. கொஞ்சம் பணம் திரும்ப வாங்கும்போது பேர வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். ஆனா என்ன வேலை பண்ணாங்கன்னு சொல்லக்கூடாதுன்னு அந்த பேப்பர்ல எங்கயும் இல்ல, நாலு தடவ படிச்சு பாத்துட்டேன். அதனால அத மட்டும் முழுசா எழுதறேன்.

நாங்க இருக்கறது டெக்சாஸ்ல, ஆஸ்டின் பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி கார்ப்பஸ் கிறிஸ்டி கிட்ட ஒரு வயசான அம்மாகிட்ட இருந்து 1966 ஏர்ஸ்ட்ரீம் ட்ரேட் விண்ட் மாடல் வாங்கினேன், 24 அடி. அவங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் 15 வருஷமா நகராம ஷெட் ஓரத்துல நின்ன வண்டி. கடல் பக்கத்துல உப்புக்காத்து, கேக்கணுமா. 60கள் நடுவுலேர்ந்து ஏர்ஸ்ட்ரீம்காரங்க ஃபேக்டரிலயே மேல கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு அடிச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் வெறும் அலுமினியம்தான். அந்த கிளியர் கோட் என் வண்டில மஞ்சளாகி, வெயில்ல காஞ்ச தோல் உரியற மாதிரி உரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தகடும் தகடும் சேர்ற ஓரத்துல, கோட்டுக்கு அடில, புழு ஊர்ந்த மாதிரி வெள்ள வெள்ளயா கோடு. ஃபிலிஃபார்ம்னு சொல்லுவாங்க, உப்பும் ஈரமும் சேர்ந்தா வர்ற அரிப்பு.

முன்னாடி பக்கம் சிவப்பு கலர்ல பெரிய நம்பர் ஒண்ணு இருந்துச்சு, பின்னாடியும் அதே நம்பர். ஏர்ஸ்ட்ரீம ஆரம்பிச்ச வாலி பையம் (Wally Byam) பேர்ல 1955-ல தொடங்கின கிளப் ஒண்ணு உண்டு, அதுல மெம்பரானா நம்பர் தருவாங்க, அத வண்டில ஒட்டிப்பாங்க. அந்தம்மா சாவிய குடுக்கும்போது "அந்த நம்பர மட்டும் எடுத்துடாத"ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. சரின்னேன்.

பாலிஷுக்கு மூணு இடத்துல கேட்டேன். ஒருத்தர் 9,000 டாலர், நாலு மாசம் வெயிட்டிங்னார். இன்னொருத்தர் போட்டோ பாத்துட்டு, கடல் பக்கம் நின்ன வண்டியா, அந்த புழுக்கோடு முழுசா போகாது, போகும்னு சொல்றவன நம்பாதன்னு சொல்லிட்டு அவரும் கிட்டத்தட்ட அதே ரேட்ட சொன்னார். மூணாவது ஆளு 3,800, எட்டே நாள், கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன், புழுக்கோடு இருந்த இடமே தெரியாதுன்னான். நான் யாரு, மூணாவது ஆள்கிட்ட போனேன்.

இப்ப யோசிச்சா அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கணும். வண்டி எந்த வருஷம்னு அவன் கேக்கவே இல்ல. கிளியர் கோட்ட எப்படி எடுப்பீங்கன்னு கேட்டா "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்". எஸ்டிமேட்ல ரெண்டே வார்த்தை, வெளிப்புறம் பாலிஷ், அவ்ளோதான். பாதி பணம் அட்வான்ஸ், அதுவும் ஸெல்லே (Zelle)ங்கற பணம் அனுப்பற ஆப்ல மட்டும், கார்டு வாங்க மாட்டானாம். நடுவுல ஒரு நாள் வேலை நடக்குதுன்னு மூணு போட்டோ அனுப்பினான், பளபளன்னு இருந்துச்சு, நானும் ஹார்ட் போட்டேன். அந்த போட்டோ கதை கீழ வருது.

டெலிவரி எடுக்க சாயங்காலம் ஏழு மணிக்கு வரச்சொன்னான். ஷெட்டுக்குள்ள ட்யூப்லைட் வெளிச்சத்துல வண்டி நிக்குது, சத்தியமா என் மூஞ்சி அதுல தெரிஞ்சுச்சு, மிச்ச பணத்தையும் அங்கயே அனுப்பிட்டேன். மறுநாள் காலைல வீட்டு வாசல்ல வெயில் நேரா மேல விழுந்தப்பதான் பாத்தேன், தேங்காநார் போட்டு கை போன போக்குல பாத்திரம் தேய்ச்ச மாதிரி பாலிஷ் பண்ண இடம் முழுக்க வட்டம் வட்டமா கோடு. தகட்ட இணைக்கற ரிவெட் ஆணி ஒவ்வொண்ணையும் சுத்தி கருப்பு மை காஞ்சு நிக்குது. மேல ஜாயின்ட்லேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளயா வழிஞ்ச தடம், தொடச்சா போகல. முன்பக்கம் போய் பாத்தா நம்பர் இல்ல. ஒட்டினது மட்டும் போயிருந்தா பழைய நம்பரோட தடமாவது உலோகத்துல மங்கலா தெரியும், இங்க அதுகூட இல்ல, வழிச்சு எடுத்தா மாதிரி இருந்துச்சு.

போன் பண்ணா, நம்பர் இருந்தா பாலிஷ் ஒரே மாதிரி வராது சார்னு சொல்றான். நம்பர எடுக்காதீங்கன்னு நான் சொன்னது? "பேப்பர்ல இல்லயே சார்." வாயால சொன்னது அவன் கணக்குல வராது.

அடுத்த வாரம் மழை. முன் ஜன்னல் கீழ சோஃபா நனைஞ்சு கிடந்துச்சு. பிரஷர் வாஷர ஜாயின்ட் மேல நேரா அடிச்சு தண்ணி உள்ள போகாம அடைச்சிருந்த பழைய சீலன்ட்ட பேத்துருக்காங்க, திரும்ப வைக்கல. ஏர்ஸ்ட்ரீம்ல தரை ப்ளைவுட், ஓரத்துல தண்ணி நின்னா அங்கேர்ந்துதான் உளுத்துப்போகும். கையால அமுக்கிப் பாத்தேன், ஒரு இடத்துல விரல் உள்ள போச்சு.

இதுக்குள்ள ஊர்லேர்ந்து எங்கம்மா வந்திருந்தாங்க, கும்பகோணம். அவங்க வெளிய வந்து வண்டிய ஒரு சுத்து சுத்திட்டு முன்பக்கம் அந்த நம்பர் இருந்த இடத்துல நின்னு, "இங்க மட்டும் ஏண்டா கருத்துக் கெடக்கு, ஈயம் போன பாத்திரமாட்டம்"னாங்க. அது தகடும்மா, ஈயம் எல்லாம் கிடையாதுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு தெரிய ரெண்டு வாரம் ஆச்சு.

தெரிஞ்சவர் மூலமா சான் ஆன்டோனியோலேர்ந்து ஒரு பெரியவர் வந்து பாத்தார். 2001-ல மூடினாங்களே கெல்லி ஏர்ஃபோர்ஸ் பேஸ், அங்க ரொம்ப வருஷம் விமானத்துக்கு ஷீட் மெட்டல் வேலை பாத்தவர், இப்ப பொழுதுபோக்குக்கு பழைய ட்ரெய்லர் பாலிஷ் பண்றார். வந்ததும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு கிளவுஸ் போட்டுக்கிட்டு, சின்ன பாட்டில்ல இருந்து காஸ்டிக் சோடா கரைசல் ஒரு சொட்டு அம்மா காட்டின அந்த சாம்பல் திட்டு மேல விட்டார். பொங்குச்சு. கொஞ்ச நேரத்துல சொட்டு விழுந்த இடம் கன்னங்கரேல்னு ஆச்சு. உடனே தண்ணி ஊத்தி கழுவிட்டு, பின்பக்கம் பம்பர் மறைவுல இன்னொரு சொட்டு. அங்கயும் பொங்குச்சு, ஆனா வெள்ளயாவே இருந்துச்சு. என்ன பாத்து தலைய ஆட்டினார். (நீங்க வீட்ல பண்ணாதீங்க, காஸ்டிக் அலுமினியத்த தின்னுடும், ஹைட்ரஜன் கேஸ் வேற வரும், அவரே ரெண்டு சொட்டுக்கு மேல விடல.)

அவர் சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். பழைய ஏர்ஸ்ட்ரீம் தகடு சாதா அலுமினியம் இல்ல, விமானத்துக்கு போடற ஆல்கிளாட், 2024-டி3ங்கற ரகம். உள்ள இருக்கறது நாலு சதவீதத்துக்கு மேல செம்பு கலந்த உலோகம், பலத்துக்காக. ஆனா செம்பு இருக்கறதால சீக்கிரம் அரிச்சுப் போகும், அதனால ரெண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்த மெல்லிசா ஒட்டவச்சு உருட்டி எடுப்பாங்க. தகடு மொத்தமே 0.032 இஞ்ச், முக்கால் மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல. அதுல ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம்தான் அந்த மேல் பூச்சு, அதாவது 0.04 மில்லிமீட்டர், தலைமுடி தடிமன்கூட தேறாது. நம்ம பாக்கற கண்ணாடி பளபளப்பு முழுக்க அந்த மெல்லிசு தோல்தான். அது போயிட்டா உள்ள இருக்கற செம்பு கலந்தது வெளிய வரும், சாம்பலாதான் தெரியும், எவ்ளோ தேய்ச்சாலும் அந்த வெள்ள பளபளப்பு வராது, அரிப்பும் வேகமா ஏறும். காஸ்டிக் பட்டா கருக்கறது அந்த செம்பாலதான். ஈயம் போன பித்தளைல களிம்பு ஏறற மாதிரி. ஆனா பித்தளைக்கு தெருவுல ஈயம் பூசறவர் வருவார், இதுக்கு யாரும் வரமாட்டாங்க, தகட்டையே மாத்தணும்.

அப்புறம்தான் அந்த மூணு போட்டோவ பெரிசாக்கி பாத்தோம். ஒண்ணுல ஓரமா டேபிள் மேல சாண்டர், அதாவது உரசித் தேய்க்கற மெஷின், பக்கத்துல 400 நம்பர் சாண்ட்பேப்பர் டிஸ்க் பாக்கெட். புழுக்கோட்ட எடுக்க மேல் தோல மொத்தமா உரிச்சிருக்கான். இன்னொண்ணுல தரைல ஒரு கேன், லாரி வீலுக்கு அடிக்கற அலுமினியம் பிரைட்னர், ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் உள்ளது. வெள்ளயா வழிஞ்ச தடம் அதோட வேலை. அந்த ஆசிட் கண்ணாடியையும் அரிக்கும். எனக்கு அத கேட்டதும் வயித்துல பகீர்னு ஆச்சு, ஏன்னா 66-லேர்ந்து 68 வரைக்கும் வந்த வண்டில மட்டும்தான் அந்த வளைஞ்ச கார்னிங் கண்ணாடி ஜன்னல், இப்ப யாரும் புதுசா செய்யறதில்ல. போய் சாய்ச்சு பாத்தா ரெண்டு ஜன்னல்ல பனி படிஞ்ச மாதிரி கோடு. அழுக்குன்னு நெனச்சு நான் மூணு தடவ தொடச்ச கோடு அது. அந்த கடைல யாராவது பையன் கிளவுஸ் இல்லாம அத அடிச்சிருந்தா அவன் கதி என்னன்னும் தோணுச்சு, பட்ட உடனே வலிக்காது, உள்ள போய் எலும்பு வரைக்கும் அரிக்குமாம்.

சரியா பண்றவங்க எப்படி பண்ணுவாங்கன்னும் அவர் காட்டினார். கிளியர் கோட்ட கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் போட்டு ஊறவிட்டு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பராலதான் எடுக்கணும். பழைய மெத்திலீன் குளோரைடு ஸ்ட்ரிப்பர் 2019-லேர்ந்து நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கடைல கிடைக்காது, இப்ப இருக்கறது மெதுவாதான் வேலை செய்யும், ரெண்டு மூணு தடவ போடணும். எட்டு நாள்ல முடியாதுன்னு இங்கயே தெரிஞ்சுடுது. அப்புறம் ரோட்டரி மெஷின்ல கம்பளி பேட், கொரகொரப்பு ஜாஸ்தியான காம்பவுண்ட்ல (பாலிஷ் பேஸ்ட்) ஆரம்பிச்சு படிப்படியா மெல்லிசுக்கு வரணும், தகடு உருட்டின கோட்டோட திசையிலயே போகணும். கடைசில சைக்ளோன்னு ரெட்டைத் தலை மெஷின், அதுல பழைய ஸ்வெட்ஷர்ட் மாதிரி பருத்தித் துணி கட்டி ஓட்டினாதான் அந்த வட்டக்கோடு போகும். என் வண்டில அது நடக்கவே இல்ல. ரிவெட் சுத்தி இருக்கற கருப்ப அன்னன்னிக்கே மினரல் ஸ்பிரிட் (தின்னர் மாதிரி திரவம்) வச்சு எடுத்துடணும். ஸ்டீல் வுல் கிட்டவே வரக்கூடாது, இரும்புத் துகள் தகட்டுல மாட்டிக்கிச்சுன்னா அங்கேர்ந்து புது அரிப்பு.

புழுக்கோடு ஆழமா இருந்தா விட்டுடுவாராம். "தழும்போட இருக்கறது தோல் இல்லாம இருக்கறதவிட மேல்"னார். அந்த ரெண்டாவது கடைக்காரர் சொன்னதும் இதேதான், அவர் உண்மைய சொன்னார், எனக்குதான் புடிக்கல.

பணம் விஷயம் சுருக்கமா. ஸெல்லேல போனதால பேங்க் கைய விரிச்சிடுச்சு, கார்டா இருந்தா டிஸ்ப்யூட் போட்டிருக்கலாம். டெக்சாஸ்ல நுகர்வோர ஏமாத்தினா கேஸ் போட சட்டம் இருக்கு, ஆனா கேஸுக்கு 60 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். 20,000 டாலர் வரைக்கும் சின்ன வழக்கு பாக்கற ஜஸ்டிஸ் கோர்ட்லயே வக்கீல் இல்லாம போடலாம். போட்டோ, ரெண்டு ஜன்னல், அந்த பெரியவர் எழுதிக் குடுத்த ஒரு பக்கம், எல்லாம் சேத்து நோட்டீஸ் அனுப்பினேன். 52-வது நாள் 2,000 தரேன், பேர சொல்லாதன்னு வந்தாங்க. வீட்டம்மா கேஸ் போடுங்கன்னாங்க, எனக்கு தெம்பு இல்ல, வாங்கிட்டேன். அது தப்புன்னு அவங்க இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

நீங்க குடுக்கப் போறீங்கன்னா, வண்டிய தொடறதுக்கு முன்னாடி எத வச்சு தொடப்போறான்னு பொருள் பேரோட எழுதி வாங்குங்க, சாண்டர் ஆசிட் பிரஷர் வாஷர் கூடாதுன்னு அதுலயே எழுதுங்க. மறைவா ஒரு அடி சதுரம் பண்ணிக் காட்டச் சொல்லி அத மத்தியான வெயில்ல பாருங்க, ட்யூப்லைட்ல பாக்காதீங்க. ஜாயின்ட்ட யார் திரும்ப சீல் பண்றதுன்னு கேளுங்க, சிலிகான்னு பதில் வந்தா அங்கேர்ந்து கிளம்பிடுங்க.

கதவு இருக்கற பக்கத்த இப்ப நானே சனி ஞாயிறு பண்ணிக்கிட்டு இருக்கேன், ஒரு தகடுக்கு ரெண்டு நாள் ஆகுது, கையெல்லாம் கருப்பு, அம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து "இன்னும் போகல, இங்க பாரு"ன்னு சூப்பர்வைசர் வேலை. முன்பக்கம் அப்படியே சாம்பலா நிக்குது. பின்னாடி அந்த சிவப்பு நம்பர் மட்டும் தப்பிச்சுடுச்சு, ஏன்னா அங்க அவங்க கைய வைக்கவே இல்ல, காசு மட்டும்தான் வாங்கினாங்க. போன மாசம் கார்ப்பஸ் கிறிஸ்டி அம்மா வண்டி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. பின்பக்க போட்டோ அனுப்பினேன். முன்பக்கத்த அவங்க இன்னும் கேக்கல.