பழைய ஆட்டோபைலட், புது ஜி5: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் சொந்தமாகவோ கூட்டாகவோ சிறு விமானம் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். "உங்க ஆட்டோபைலட் அப்படியே வேலை செய்யும்" என்று ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்களுடையது மூனி எம்20ஜே. அதில் கிங் கேஎஃப்சி 150 ஆட்டோபைலட், வயதானாலும் தங்கமான சாமான். பழைய கைரோ கருவிகளைக் காற்று உறிஞ்சிச் சுழல வைக்கும் வேக்குவம் பம்பை எடுத்துவிட்டு, இரண்டு கார்மின் ஜி5 (சின்ன மின்னணுத் திரைக் கருவி) மாட்டித் தருவதாகப் பேச்சு. கொட்டேஷனில் "ஆட்டோபைலட் இணைப்பு" என்று ஒரே வரி. முன்பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

பேனலைப் பிரித்துப் போட்ட பிறகு போன் வருகிறது: விமானத்தின் சாய்வைக் காட்டும் பழைய கருவியான கேஐ 256-ஐக் கழற்ற முடியாதாம். விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்ற சிக்னல் இந்த ஆட்டோபைலட்டுக்கு அதிலுள்ள வேக்குவம் கைரோவிலிருந்துதான் போகிறது. ஜி5 அதைக் கொடுக்காது. கொடுக்கக்கூடியது 2020-இல் வந்த கார்மினின் இன்னொரு கருவியான ஜிஐ 275. அதன் விலையே வேறு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. தெரியாமல் பேசினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சரி, திசையைக் காட்டும் எச்எஸ்ஐ கருவியின் இடத்திலாவது ஒரு ஜி5 இருக்கட்டும் என்றோம். அதன் டிஜிட்டல் தகவலை ஆட்டோபைலட்டுக்குப் புரியும் அனலாக் மின்னழுத்தமாக மாற்ற ஜிஏடி 29பி என்ற சின்னப் பெட்டி வேண்டும். கொட்டேஷனில் அது இல்லவே இல்லை. தனி பில்.

அப்புறம் பறந்து பார்த்தால், ஹெடிங் மோடில், அதாவது நாம் வைத்த திசையில் ஆட்டோபைலட் ஓட்டும்போது, விமானம் பாம்பு மாதிரி நெளிகிறது. பக் (திசையைக் குறிக்கும் குறி) வைத்த திசையைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். "சர்வோ போயிடுச்சு, கம்ப்யூட்டரையும் அனுப்பணும்" என்றார்கள் கடைக்காரர்கள். சர்வோ என்பது ஆட்டோபைலட்டுக்காக விமானத்தைத் திருப்பும் மோட்டார். அதற்கும் பணம் கட்டினோம். குறை அப்படியே இருந்தது. கடைசியில் வேறு ஊர்க் கடையில் ஒருவர் ஜி5-இன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஆட்டோபைலட் வகையே தவறாகத் தேர்வாகியிருந்தது. மாற்றினார், நெளிவு நின்றது. சர்வோவில் எந்தக் கோளாறும் இல்லை.

கொட்டேஷனில் உங்கள் ஆட்டோபைலட்டின் மாடலும், அதற்குத் தேவையான ஒவ்வொரு பெட்டியும், எந்தப் பழைய கருவி அப்படியே இருக்கும் என்பதும் எழுத்தில் வரட்டும். எஸ்-டெக் 30 போன்ற ஆட்டோபைலட் வைத்திருப்பவர்கள், விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மேல் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அந்த ஆட்டோபைலட்டுக்குத் திரும்பும் வேகத் தகவல் அதிலிருந்துதான். மீதிப் பணத்தைப் பறந்து பார்த்த பிறகே கொடுங்கள். தரையிலேயே ஹெடிங் மோடைப் போட்டு பக்கை இடமும் வலமும் திருப்புங்கள், யோக் (விமானத்தின் ஸ்டீயரிங்) கூடவே திரும்ப வேண்டும். கேஎஃப்சி 150-இன் டெஸ்ட் பட்டன் தன் உள்ளே உள்ளதைத்தான் சோதிக்கும். எங்கள் விமானம் நெளிந்த நாட்களிலும் அந்த டெஸ்ட் பாஸ்தான்.

சர்வோ பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம். "பழைய சிஸ்டம், எப்படியும் பார்க்க வேண்டியதுதானே" என்று பதில் வந்திருக்கிறது.