மேக அவதானிப்புகளோடு உயர்பிரிதிறன் வளிமண்டல மாதிரிகள்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, நூறு மீட்டர் அல்லது அதற்கும் குறைவான கட்ட இடைவெளியில் மேகங்களைக் கணக்கிடும் கணினி மாதிரிகளையும், ரேடார், லைடார் (லேசர் ஒளியால் அளக்கும் கருவி), செயற்கைக்கோள் ஆகியவற்றின் அவதானிப்புகளையும் அருகருகே வைத்துப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இக்காலத்தில் எனக்கு மிக உறுதியாகிவிட்ட கருத்து ஒன்று உண்டு. மாதிரியின் மேகத்தைக் கருவி கண்ட மேகத்தோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. அந்த மேகத்தைக் கருவி பார்த்திருந்தால் அதற்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதன் பிறகே ஒப்பிட வேண்டும். மாதிரியை இயக்கக் கற்பதைவிட இந்த ஒரு படியைக் கற்பதற்கே எனக்கு அதிக உழைப்பு தேவைப்பட்டது.

தொடங்குவோருக்கு நான் பரிந்துரைப்பது, பார்படாஸ் அருகே அட்லாண்டிக் கடலில் 1969-இல் நடந்த பொமெக்ஸ் கள ஆய்வை அடிப்படையாகக் கொண்ட உருவகப்படுத்தலைத்தான். 6.4 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரப் பரப்பு, 3 கிலோமீட்டர் உயரம், கிடைமட்டத்தில் 100 மீட்டரும் செங்குத்தில் 40 மீட்டரும் இடைவெளி, 6 மணி நேர ஓட்டம் என்று அதன் அமைப்பு சிறியது. மொத்தம் சுமார் 3 லட்சம் கட்டங்கள் என்பதால் ஒரு மடிக்கணினியிலேயே ஓடிவிடும். மழையில்லாத சிறு திரள் மேகங்கள் மட்டுமே அதில் உருவாவதால் கவனம் சிதறுவதில்லை. பல ஆய்வுக் குழுக்களின் மாதிரிகள் இதே அமைப்பில் இயக்கப்பட்டு முடிவுகள் வெளியாகியிருப்பதால், நம்முடைய ஓட்டம் சரியாகச் செல்கிறதா என்று சோதித்துக்கொள்ளவும் முடியும்.

அடுத்துச் செல்ல வேண்டிய இடம் 2001 ஜூலையில் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் நடந்த டைகாம்ஸ்-2 ஆய்வு. அங்குள்ள படைத்திரள் மேகத்தின் (தாழ்வாகப் பரந்து கிடக்கும் மேக அடுக்கின்) உச்சியில், மிக மெல்லிய ஓர் அடுக்குக்குள்ளேயே வெப்பநிலை பல பாகைகள் உயர்ந்துவிடுகிறது. அந்த அடுக்கின் வழியே மேலிருக்கும் உலர்ந்த காற்று எவ்வளவு வேகமாக மேகத்துக்குள் கலக்கிறது என்பதே மேகம் நிலைப்பதையும் கரைவதையும் தீர்மானிக்கிறது. செங்குத்தில் 5 மீட்டர் இடைவெளி வைத்தும்கூட மாதிரிகள் பல தேவைக்கு அதிகமாகக் கலக்கவிட்டு மேகத்தை மெலியச் செய்துவிடுகின்றன. உயர்பிரிதிறன் என்ற பெயரே ஒரு மாதிரியை நம்பத் தகுந்ததாக ஆக்கிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

கட்ட இடைவெளி 100 மீட்டர் என்றால் 100 மீட்டர் அளவுள்ள சுழல்கள் மாதிரியில் உள்ளன என்று பொருளல்ல. எண்முறைக் கணக்கீடு சிறு அளவுகளின் ஆற்றலைத் தணித்துவிடுவதால், பொதுவாக இடைவெளியைப் போல் ஆறு, ஏழு மடங்கு அளவுள்ள அமைப்புகளையே நம்பலாம். இடைவெளியைக் கிடைமட்டத்தின் இரு திசைகளிலும் பாதியாக்கினால் காலப்படியையும் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தையும்) பாதியாக்க வேண்டியிருப்பதால் கணக்கீட்டுச் செலவு எட்டு மடங்காகும். அந்தச் செலவைச் செய்வதற்கு முன், கையிலுள்ள அவதானிப்பு அவ்வளவு நுண்மையைக் காணும் திறன் உள்ளதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ரேடார் எதிரொளி, அதாவது துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமை, துளியின் விட்டத்தினுடைய ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 20 மைக்ரோமீட்டர் மேகத்துளி ஒன்றையும் 200 மைக்ரோமீட்டர் தூறல்துளி ஒன்றையும் எடுத்துக்கொண்டால், பெரிய துளியில் உள்ள நீர் 1000 மடங்கு. அது தரும் எதிரொளியோ 10 லட்சம் மடங்கு. ஆகவே, நீரின் பெரும்பகுதி மேகத்துளிகளில் இருக்கும்போதும் ரேடார் படத்தை நிரப்புவது ஒருசில தூறல்துளிகளாக இருக்கக்கூடும். மாதிரி நீரின் நிறையைச் சரியாகக் கணித்துவிட்டு, துளிகளின் அளவுப் பரவலைச் சற்றே வேறாக வைத்திருந்தாலும், கணக்கிட்ட எதிரொளி அவதானிப்பிலிருந்து வெகுவாக விலகும். லைடாரின் இயல்பு இதற்கு நேர்மாறானது: சிறு துளிகள் நிறைந்த மேக அடியை அது மிகத் துல்லியமாகக் காட்டும், ஆனால் அடர்ந்த நீர் மேகத்துக்குள் சிறிது தொலைவிலேயே அதன் ஒளி மங்கிவிடும். இரண்டையும் நுண்ணலை அளவி (வளிமண்டலம் உமிழும் நுண்ணலைகளை அளக்கும் கருவி) தரும் மொத்த நீரளவோடு சேர்த்து வைக்கும்போதுதான் மேகத்தின் அமைப்பு ஓரளவு பிடிபடுகிறது. இவற்றைக் கணக்கிடும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் துளிப் பரவல், மாதிரி எடுத்துக்கொண்ட பரவலோடு ஒத்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் நானே திறந்து பார்க்கிறேன். இரண்டும் வேறுபட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை.

தரையிலிருந்து மேல்நோக்கும் கருவி, காற்று தன்மீது கொண்டுவரும் மேகங்களையே காண்கிறது. காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால் ஒரு நிமிடப் பதிவு 600 மீட்டர் நீளமுள்ள மேகப்பகுதிக்குச் சமம். மாதிரியின் முழுப் பரப்பை மணிக்கொரு முறை சேமிப்பதோடு, தேர்ந்தெடுத்த சில புள்ளிகளில் சில நொடிகளுக்கு ஒருமுறை செங்குத்து விவரங்களையும் சேமித்துவைத்தால், அக்கருவியின் பதிவைப் போன்ற ஒன்று நமக்குக் கிடைக்கும். கொந்தளிப்பின் இயல்பால் குறிப்பிட்ட ஒரு மேகம் அதே இடத்தில் அதே நேரத்தில் மாதிரியிலும் தோன்றாது. எனவே உயரவாரியாக எதிரொளி எவ்வாறு பரவியிருக்கிறது, நாளின் எந்த வேளையில் மேகம் வளர்கிறது என்பன போன்ற புள்ளியியல் ஒப்பீடுகளே பயன் தருகின்றன. அழகான முப்பரிமாணப் படங்களைப் பார்த்து மாதிரியைப் பாராட்டும் பழக்கத்தை ஆய்வு மாணவர்கள் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

மேகமூட்ட விகிதம் எளிமையாகத் தோன்றினாலும் ஏமாற்றும் அளவு. ஒவ்வொரு உயரத்திலும் மேகம் சில சதவீதமே இருந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையாததால் மேலிருந்து பார்க்கும்போது மூட்டம் கூடுதலாகத் தெரியும். செயற்கைக்கோளின் படத்துணுக்கு ஒரு கிலோமீட்டர் அகலமாக இருந்தால், அதற்குள் இருக்கும் 300 மீட்டர் மேகம் முழுத் துணுக்கையும் மேகமாக்கலாம் அல்லது அடியோடு விடுபட்டும் போகலாம். 2006-இல் ஏவப்பட்டு 2023 வரை இயங்கிய கிளவுட்சாட் செயற்கைக்கோளின் ரேடாரில், தரை எதிரொளி கலந்ததால் தரையை ஒட்டிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த மேகங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அந்தத் தரவோடு தாழ்ந்த மேகங்களை ஒப்பிடுவதாக இருந்தால் மாதிரியிலும் அதே பகுதியை நீக்கிவிட வேண்டும்.

மென்பொருள் கருவிகளைப் பொறுத்தவரை, பல பரிமாணத் தரவைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் கோப்புகளும் அவற்றைக் கையாளும் பைத்தான் நிரல்மொழியின் எக்ஸ்அரே நூலகமும் எனக்குப் போதுமானவையாக இருந்துள்ளன. சேமிப்பிடம்தான் எப்போதும் நெருக்கடி.

2024 மே 28 அன்று ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் டாப்ளர் ரேடார், துகள்களின் செங்குத்து வேகத்தை விண்ணிலிருந்து அளக்கிறது. மாதிரிகளின் மேலெழும் காற்றோட்டங்களைக் கடல்கள்மீதும் சோதிக்க இது வழி திறந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அந்த வேகம் காற்றின் அசைவும் துகள் விழும் வேகமும் சேர்ந்த தொகை என்பதால், என் மாதிரி ஓட்டங்களில் இவ்விரண்டையும் தனித்தனியே சேமித்து, எதிரொளிக்கு ஏற்ப எடையிட்டுக் கூட்டிய பிறகே அளவீட்டோடு ஒப்பிடுகிறேன்.