தாயில்லாக் குஞ்சுக்கு விடியச்சாமச் சூடு: வன்னி வளவுகளில் நான்கு வழிகள்

கோழியைக் கீரியோ மரநாயோ கொண்டுபோன மறுநாள் காலையில், பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள் கூட்டின் மூலையில் கத்திக்கொண்டு கிடப்பது வன்னியில் ஊர்க்கோழி வளர்க்கும் எவருக்கும் புதிய காட்சியல்ல. முந்திப் பொரித்தவற்றைக் கூட்டிக்கொண்டு தாய் இறங்கிவிட, கடைசியாக ஓடு உடைத்த ஒன்றிரண்டு குஞ்சுகள் கடகத்திலேயே தனித்துப்போவதும் உண்டு. இவை தவிர, குஞ்சோடு திரியும் கோழி இரண்டு மூன்று மாதங்களுக்கு முட்டையிடாது என்பதற்காகவே, குஞ்சுகளை வேண்டுமென்று பிரித்தெடுத்துத் தனியே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். காரணம் எதுவானாலும் அன்று மாலைக்குள் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாயின் சூட்டுக்குப் பதிலாக எதை வைப்பது?

பலர் முதலில் தீனைத் தேடி ஓடுகிறார்கள். அது அவ்வளவு அவசரமான காரியமல்ல. முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்னர் குஞ்சு எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில் இரண்டு நாட்கள், சில வேளை மூன்று நாட்கள்கூடத் தீனின்றித் தாக்குப்பிடிக்கும். தொலைவிலுள்ள பண்ணைகளிலிருந்து ஒருநாட் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து அனுப்ப முடிவதும் இதனால்தான். ஆனால் சூட்டுக்கு அத்தகைய சேமிப்பு எதுவும் இல்லை. உடல் முழுவதும் மென்மயிர் மட்டுமே உள்ள குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதற்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூடு வேண்டும். பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வந்து, இறகு முளைத்துவிடும் ஐந்தாம் ஆறாம் வாரத்தில் முற்றாக நிறுத்திவிடலாம்.

இந்த எண்களை வன்னியின் காலநிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் எந்த வழி சரிவரும் என்பது தெளிவாகும். சித்திரை, வைகாசி மாதங்களின் பகல் வேளையில் நிழலிலேயே 34, 35 பாகை இருப்பதால், அப்போது குஞ்சுக்குச் செயற்கைச் சூடு எதுவும் தேவையில்லை. அதற்குத் தேவைப்படுவது நிழலும் தண்ணீரும்தான். அதே வளவில் மார்கழி, தை மாதங்களின் விடியச்சாமத்தில் வெப்பநிலை 22 பாகையை அண்மிக்கும். வாடைக்காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால் அந்த 22 பாகை இன்னும் குளிராக உறைக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த மாடுகளும் ஆடுகளுமே பெருந்தொகையாக இறந்தன என்பதை நினைத்தால், ஒருநாட் குஞ்சின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் அளப்பது, பகலில் அது எவ்வளவு வசதியானது என்பதைக் கொண்டல்ல, நள்ளிரவு கடந்து 2 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில் வீட்டார் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது என்ன செய்யும் என்பதைக் கொண்டே.

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது இன்னொரு அடைக்கோழி. அவளுக்கு மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நெஞ்சிறகு உதிர்ந்து வெறுந்தோலாக இருக்கும் இடத்தில் குஞ்சை அணைத்து, கூடினால் சிறகைத் தூக்கியும் குறைந்தால் இறக்கியும் சூட்டைத் தானே சரிசெய்துகொள்வாள். நடுத்தர உடம்புள்ள ஊர்க்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தாராளமாக மூடும். சூட்டை விடப் பெரிய ஆதாயம், அவள் கற்றுக்கொடுப்பது. எதைக் கொத்தலாம், பிராந்தின் நிழல் விழுந்தால் எங்கே ஓடலாம், செத்தையைக் கிளறினால் என்ன கிடைக்கும் என்பதை எந்த மின்குமிழும் சொல்லிக்கொடுக்காது.

ஆனால் அடைக்கோழியை ஏற்க வைப்பது நினைத்தவுடன் நடக்கும் காரியமல்ல. அடைக்கு உட்கார்ந்து ஒன்றிரண்டு நாட்களே ஆன கோழி குஞ்சைக் கண்டு மிரண்டு எழுந்து போய்விடக்கூடும். இரண்டு கிழமைக்கு மேல் உறுதியாகக் கிடந்த கோழியே நம்பத்தக்கது, அதிலும் 21 நாட்களை நெருங்கிய கோழி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குஞ்சை வைக்க வேண்டிய நேரம் நன்றாக இருட்டிய பின்னர்தான். விளக்கில்லாமல், ஒரு கையால் முட்டையை எடுத்துக்கொண்டு மறு கையால் குஞ்சைச் சிறகின் கீழே தள்ள வேண்டும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாமல், இரண்டு குஞ்சுகளை வைத்து அவள் அடங்குகிறாளா என்று பார்த்த பின்னர் மற்றவற்றை வைப்பது நல்லது. அதைவிட முக்கியமானது, மறுநாள் விடியும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது. வெளிச்சம் வந்ததும் நிறம் வேறான குஞ்சை மட்டும் தேடித் தலையில் கொத்தும் கோழிகள் உண்டு. என் வளவில் ஒரு கறுப்புக் கோழி ஆறு குஞ்சுகளை ஏற்றுக்கொண்டு ஏழாவதாக இருந்த மஞ்சள் குஞ்சை மட்டும் விரட்டியது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்து முடிந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு கிழமைக் குஞ்சுகளோடு திரியும் கோழியிடம் புதிய குஞ்சைச் சேர்ப்பதோ பெரும்பாலும் வீண் முயற்சி. அவள் தன் குஞ்சுகளை அடையாளம் கண்டுவிட்டாள். அதற்கு மேல், புதியது அந்தக் கூட்டத்தின் நடைக்கு ஈடுகொடுக்கவும் மாட்டாது.

இந்த வழியின் உண்மையான குறை, வேண்டிய நாளில் அடைக்கோழி கிடைக்காது என்பதுதான். அயல் வளவில் ஒன்று கிடக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை. கோழியை இரவலாகக் கேட்பதை விட, குஞ்சுகளை அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வளர்ந்த பின்னர் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது இரு வீட்டாருக்கும் சுகமான ஏற்பாடு, ஏனெனில் இடம் மாற்றினால் அடைக்கோழி பல வேளைகளில் அடையை விட்டெழுந்துவிடும்.

அடுத்தது மின்குமிழ். பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்கு 60 வாற்று இழைக் குமிழ் ஒன்று, அதாவது பழைய குண்டு பல்ப், போதுமானது. எல்.ஈ.டி குமிழை மாட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கிறது, குஞ்சு ஏன் சாகிறது என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். மின்சாரத்தைச் சிக்கனமாக ஒளியாக்கும் குமிழில் சூடு எஞ்சாது என்பதே விடை. குண்டு பல்ப் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால், கிடைக்கும்போது இரண்டை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். குமிழைக் குஞ்சுகளின் முதுகிலிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில், அதன் வயரில் அல்லாமல் தனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். உமியின் மேல் விழுந்த சூடான குமிழ் வீட்டையே எரித்துவிடும்.

குமிழின் பெருமை, சூட்டை நம் விருப்பப்படி உயர்த்தவும் தாழ்த்தவும் முடிவதும், குஞ்சுகளை ஒரே பார்வையில் கணிக்க முடிவதும் ஆகும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும்: குமிழின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தால் குளிர், வாயைத் திறந்து சிறகை விரித்துக்கொண்டு ஓரங்களில் படுத்தால் வெக்கை, எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, பரவலாகப் படுத்து மெல்லச் சத்தமிட்டால் அளவு சரி. சதுரப் பெட்டியின் மூலைகளில் குஞ்சுகள் நெரிந்து மூச்சுமுட்டிச் சாவது வழக்கம் என்பதால், ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்துவது பெட்டியை விட மேலானது. கீழே வழுக்கும் பத்திரிகைத் தாளை மட்டும் விரிக்கக்கூடாது; அதில் நிற்க முயலும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து ஊனமாகிவிடும். உமியோ மணலோ போட்டு, முதல் இரண்டு நாட்களுக்கு அதன் மேல் சாக்கை விரித்துவிட்டால் போதும்.

செலவைப் பார்ப்போம். 60 வாற்றுக் குமிழ் இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 0.72 அலகு, மூன்று கிழமைக்கு ஏறத்தாழ 15 அலகு. இது சிறிய தொகையாகத் தோன்றினாலும், வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 அலகு என்ற படிகளில் ஏறுவதால், மாதம் 50 அலகு பாவிக்கும் வீட்டை இந்த 15 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும். மின்வெட்டோ இதைவிடப் பெரிய கவலை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். அப்படியொரு காலம் கடந்துவிட்டது என்றாலும், மாரியில் மரக்கொப்பு கம்பியில் விழுந்து இரவு முழுவதும் மின்சாரம் வராமற்போவது இப்போதும் நடப்பதுதான். குளிர் மிகக் கூடிய இரவும் மின்சாரம் போகும் இரவும் பெரும்பாலும் ஒரே இரவாக அமைந்துவிடுகின்றன. மின்குமிழை மட்டும் நம்புவதை நான் ஏற்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மூன்றாவது வழி நெருப்பு: அரிக்கன் லாம்பு அல்லது சிரட்டைக்கரிச் சட்டி. போர்க்காலத்தில் மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் வாழ்ந்த வன்னிக்குக் கரியும் சாம்பலும் பழகிய பொருட்கள். லாம்பைக் கம்பி வலையால் மறைத்துக் குஞ்சுகளின் நடுவில் வைத்தால், நான்கைந்து குஞ்சுகளுக்கு அதன் கண்ணாடிச் சூடு போதும். எண்ணெய் நிறைத்துத் திரியைத் தாழ்த்திவைத்தால் விடியும்வரை நிற்கும். கரிச் சட்டி அதை விட வலுவானது. மண்சட்டியில் சிரட்டைக்கரியைக் கனலவைத்து, மேலே சாம்பலைத் தூவி, துளையிட்ட இன்னொரு சட்டியால் கவிழ்த்து மூடினால் பல மணி நேரம் சூடு தங்கும். ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது: முதல் இரண்டு மணி நேரத்தில் மிதமிஞ்சியும், விடியச்சாமத்தில் போதாமலும் இருக்கும். ஆகவே எப்படியும் ஒரு தடவை எழும்பிக் கரி போட வேண்டும்.

கரியைப் பற்றி இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனலும் கரி காபனோரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு மணமோ நிறமோ இல்லை. கிடுகு வேய்ந்த, காற்று ஊடாடும் கொட்டிலில் இது பெரிய ஆபத்தாகாமல் இருக்கலாம். யன்னலை அடைத்த சீமெந்து அறையில், அதிலும் பிள்ளைகள் படுக்கும் அறையில், குஞ்சுப் பெட்டியையும் கரிச் சட்டியையும் ஒன்றாக வைப்பது குஞ்சுகளை மட்டுமல்லாமல் ஆட்களையும் கொல்லக்கூடிய செயல். மாரி இரவில் குளிருகிறது என்று யன்னலைப் பூட்டுபவர்கள் இந்த வழியைத் தொடவே கூடாது.

நான்காவது, சுடுநீர்ப் போத்தல். தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சற்று ஆறவிட்டு, ஏனெனில் கொதிநீரில் பிளாஸ்ரிக் போத்தல் நெளிந்துவிடும், துணியால் சுற்றிக் கடகத்துக்குள் வைப்பது. மூன்று நான்கு மணி நேரத்தில் ஆறிவிடுவதால் இரவில் இரண்டு தடவை மாற்ற வேண்டும். பத்துக் குஞ்சுகளுக்கு இது தொல்லை. ஆனால் ஒரேயொரு குஞ்சுக்கும், மின்சாரம் போன இரவுக்கும் இதைப் போல் கைக்கு எட்டிய வழி வேறில்லை. தனிக்குஞ்சு சூடு இருந்தாலும் தனிமையால் கத்திக்கொண்டே இருக்கும்; கடகத்தின் மேலிருந்து பழைய துணிக் கீற்றுகளைத் தொங்கவிட்டால் அவற்றினுள் நுழைந்து அடங்கும். அயலில் அதே வயதுக் குஞ்சு ஒன்று கிடைத்தால் அது எல்லாவற்றிலும் மேல்.

தீன் விடயத்தில் அதிகம் பேச எதுவுமில்லை. கடைக் குஞ்சுத்தீனா, வீட்டுக் குறுணலா என்றால், முதல் மூன்று கிழமைக்குக் கடைத்தீனையே சொல்வேன். குறுணலில் மாச்சத்து இருக்கிறது, இறகு முளைக்கத் தேவையான புரதம் போதாது. கடைத்தீன் வாங்க முடியாதவர்கள் குறுணலோடு கறையானைச் சேர்க்கலாம். உக்கிய மரத்துண்டைப் புரட்டினால் வன்னியில் அதற்குப் பஞ்சமில்லை. முட்டையிடும் கோழிகளுக்கான தீனை மட்டும் போடக்கூடாது. அதிலுள்ள மிகையான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கொத்தக் கற்றுக்கொடுக்கத் தாயில்லாததால், தீனின் மேல் விரல் நகத்தால் தட்டிக் காட்ட வேண்டும். தண்ணீரில் ஒரு தடவை அலகைத் தொட்டுவிட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடாவிட்டால் அதில் விழுந்து நனைந்து விறைத்துவிடும். பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால், இழுக்காமல், வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடைப்பதே முறை. தடுப்பூசிகளின் நாட்களை அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

எனது தெரிவைச் சொல்வதானால், பங்குனி முதல் புரட்டாதி வரையான காலத்தில் அடைக்கோழி கிடைக்காவிட்டால் மின்குமிழோடு திருப்தியடைவேன். அக்காலத்தில் சில மணி நேர மின்வெட்டைக் குஞ்சுகள் ஒன்றோடொன்று அணைந்துகொண்டு தாங்கிவிடும். ஐப்பசி முதல் மாசி வரையோ, குமிழ் எரிந்தாலும் பக்கத்தில் எண்ணெய் நிறைத்த லாம்பும் அடுப்பில் ஒரு பானை வெந்நீரும் இல்லாமல் படுக்கைக்குப் போக மாட்டேன். கரிச் சட்டியைத் திறந்த கொட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் விட்டுவிடுகிறேன். முட்டை வருமானத்துக்காகக் குஞ்சுகளை வேண்டுமென்றே பிரித்தெடுப்பதையும் மாரியில் தவிர்ப்பேன். ஒரு கோழியின் சில கிழமை முட்டைக்காக ஐந்து கிழமை இரவு விழிப்பது கணக்குக்குச் சரிவராது.

ஆறாம் கிழமையில் சூட்டை நிறுத்தி வெளியே விடும்போது ஒரு வேறுபாடு தெரியும். கோழியோடு வளர்ந்தவை பொழுதுபடும் நேரத்தில் அவளின் பின்னால் தாமாகவே கூட்டுக்குள் ஏறிவிடும். குமிழின் கீழ் வளர்ந்தவை இருட்டினாலும் கடைசியாக வெளிச்சம் கண்ட இடத்தில், பெரும்பாலும் குசினி வாசலில், கூட்டமாக நின்று கத்தும். நான்கைந்து நாட்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.