கெரட்டோகோனஸ்: சி3ஆரா, லென்ஸா?

கெரட்டோகோனஸ், அதாவது கண்ணின் கருவிழி கூம்பாகும் நோய், என்று டாக்டர் சொன்ன அன்றே நான் கேட்ட முதல் கேள்வி: "சி3ஆர் சிகிச்சை செய்துகொள்வது நல்லதா, லென்ஸ் போட்டுச் சமாளிப்பது நல்லதா?" கேள்வியே தப்பு என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. குழாய் திறந்து கிடந்து வீடெல்லாம் தண்ணீர் என்றால், குழாயை மூடுவது ஒரு வேலை, தரையைத் துடைப்பது வேறு வேலை. சி3ஆர் குழாயை மூடுகிறது, அதாவது நோய் மேலும் ஏறாமல் நிறுத்துகிறது. லென்ஸ் தரையைத் துடைக்கிறது, அதாவது ஏற்கெனவே கெட்ட பார்வையைத் தெளிவாக்குகிறது.

நடப்பது இதுதான். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிப்புள்ள கருவிழி (கார்னியா, கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) மெலிந்து, கூம்பு போல முன்னால் துருத்துகிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் ஆரம்பித்து, முப்பது நாற்பது வயதுக்குள் தானாகவே வேகம் தணியும். வலி இருக்காது. கண்ணாடிச் சீட்டிலுள்ள சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர்) அடிக்கடி மாறும். கண்ணாடியை எத்தனை தடவை மாற்றினாலும் எழுத்துக்கு நிழல் விழும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலாவைப் பாருங்கள். இரண்டு மூன்றாகத் தெரிந்தாலோ, தெருவிளக்குக்கு வால் முளைத்தாலோ கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது. கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் கார்னியா டோபோகிராஃபி எடுத்தாக வேண்டும். என் பவர் மூன்று வருடம் ஏறிக்கொண்டே போனது, ஒவ்வொரு முறையும் புதுக் கண்ணாடிதான் கிடைத்தது. அலர்ஜி அரிப்பில் கண்ணைக் கசக்கும் பழக்கம் எனக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தது, நன்றாகவே.

முதலில் குழாய். சி3ஆர் என்கிற கிராஸ் லிங்கிங் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. நோயாளிகளிடம் செய்து பார்த்த முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி, ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளை அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் புறஊதாக் கதிர் காட்டுவது மூல முறை. கருவிழியிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளுக்கிடையே புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி விறைப்பாகிறது. கதிர் நேரத்தைப் பத்து நிமிடம், அதற்கும் குறைவு என்று சுருக்கிய வேக முறைகளும் உண்டு. தோலைச் சுரண்டாத முறையில் வலி குறைவுதான். ஆனால் மருந்து உள்ளே இறங்குவது கடினம். நோய் வேகமாக ஏறும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நான் சுரண்டும் முறையையே சொல்வேன். மூன்று நான்கு நாள் கண் எரியும், தண்ணீராகக் கொட்டும், அவ்வளவுதான். பல வருடமாக டோபோகிராஃபி மாறாத நாற்பது வயதுக்காரருக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை. வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) தடிப்பாவது இருக்க வேண்டும் என்பதால், தள்ளிப் போடுவதில் நஷ்டம் உண்டு. ஒன்று மட்டும்: இது லேசிக் மாதிரிக் கண்ணாடியைக் கழற்றும் சமாச்சாரம் இல்லை. கெரட்டோகோனஸ் கண்ணில் லேசிக் செய்தால் மெலிந்த கருவிழி இன்னும் மெலியும்.

இனி தரை. உண்மையான போட்டி ஆர்ஜிபி, ஸ்கிளீரல் என்ற இரண்டு வகை லென்ஸ்களுக்கு இடையில்தான். ஆர்ஜிபி சிறிய கெட்டி லென்ஸ், கருவிழி மேலேயே உட்காரும். கூம்பின் மேடு பள்ளத்தை லென்ஸுக்கு அடியிலுள்ள கண்ணீர் நிரப்பிவிடுவதால், கண்ணாடியில் கிடைக்காத தெளிவு கிடைக்கும். நான்கைந்து வருடம் போட்டேன். பைக்கில் போகும்போது ஒரு தூசி அடியில் புகுந்தால் வண்டியை ஓரம்கட்டி அழ வேண்டியதுதான். வாஷ்பேசின் ஓட்டையைத் துணியால் அடைக்காமல் லென்ஸைத் தொட்டதே கிடையாது.

ஸ்கிளீரல் லென்ஸ் பெரியது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்கார்ந்து, கருவிழியைத் தொடாமல் மேலே வளைந்து நிற்கும், இடைவெளியில் சலைன் என்ற சுத்தமான உப்புக் கரைசல். தூசி புகாது, கீழே விழாது, போட்டிருப்பதே மறந்துபோகும். ஆனால் போடுவதற்குக் குனிந்து, சலைன் தளும்பத் தளும்பக் கண்ணில் பொருத்த வேண்டும். ஒரு குமிழி சிக்கினாலும் மறுபடி முதலிலிருந்து. கழற்ற ஒரு குட்டி ரப்பர் உறிஞ்சி. மதியத்துக்கு மேல் சலைன் கலங்கிப் பனிமூட்டமாகத் தெரிந்தால், கழற்றி மறுபடி நிரப்ப வேண்டும். விலையும் பல மடங்கு. தினமும் புழுதியில் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் தகும். அறைக்குள் வேலை, ஆர்ஜிபி உறுத்தவில்லை என்றால் மாற வேண்டியதில்லை. எந்த லென்ஸானாலும் குழாய்த் தண்ணீர் படவே கூடாது: அதில் வாழும் அகாந்தமீபா கருவிழியையே தின்றுவிடும்.

லென்ஸே நிற்காத அளவுக்குக் கூம்பு போனால், அதைத் தட்டையாக்கக் கருவிழிக்குள் வளையம் வைக்கலாம். பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதிலாகத் தானமாக வந்த கருவிழித் திசுவையே வளையமாக வைக்கும் கெய்ர்ஸ் முறையைச் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சூசன் ஜேக்கப் உருவாக்கினார். அதையும் தாண்டினால் கருவிழி மாற்று. முழுத் தடிப்பையும் மாற்றுவதைவிட, உங்கள் உள் அடுக்கை விட்டுவைக்கும் டால்க் முறை முடிந்தால் அதுவே மேல்; அந்த அடுக்கை உடல் நிராகரிக்கும் பயம் இல்லை. தையல் பல மாதம் கண்ணில் இருக்கும். லென்ஸிலிருந்து விடுதலை என்று நினைத்துத்தான் நானும் அதைப் பற்றி விசாரித்தேன். தையல் பிரித்த பிறகும் நிறையப் பேருக்கு மறுபடி ஆர்ஜிபியோ ஸ்கிளீரலோ தேவைப்படுமாம்.