போருக்குப் போன தாத்தாவைத் தேட: இணையதளமா, டிரங்குப் பெட்டியா?

இரண்டாம் உலகப்போருக்குப் போன தாத்தா திரும்பி வரவே இல்லை என்றால், யோசிக்காமல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். இலவசம், உட்கார்ந்த இடத்திலேயே தேடலாம், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள், பல இந்திய வீரர்களுக்கு அப்பா பெயரும் ஊரும்கூடப் பதிவாகியிருக்கும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பர்மாவின் ரங்கூன் நினைவுச்சின்னம், சிங்கப்பூரின் கிராஞ்சி போன்ற இடங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதித் தேடுங்கள், குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.

ஆனால் உயிரோடு ஊர் திரும்பி, வயதாகி இறந்தவர் அதில் இருக்க மாட்டார். அவருக்கு வீட்டு டிரங்குப் பெட்டிதான் வழி: டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்தது), பென்ஷன் தாள், பதக்கம். முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கம் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். அந்த எண் முக்கியம். அதைக் குறிப்பிட்டு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரில் உள்ள அதன் மையத்துக்கும் எழுதிக் கேட்கலாம். மெதுவான வழிதான், சரி, ஆனாலும் நான் முதலில் பெட்டியைத்தான் திறக்கச் சொல்வேன், அதுவும் பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே, எது யாருடையது என்று கேட்டு எழுதிக்கொண்டே.