அம்மாவின் தலைமாட்டில் இருந்த அயனைசர்

2025 ஜனவரி 12, போகிக்கு முந்தின நாள், சிங்கப்பூரிலிருந்து மதுரையில் வந்து இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து அவனியாபுரம் வீட்டுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். அம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஒரு வாடை ஏறியது. ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓயாமல் ஓடும்போது வருமே, அந்தக் கார வாடை. கட்டில் தலைமாட்டில் நீல விளக்கு எரிய ஒரு வெள்ளை டப்பா இருந்தது.

"தம்பி வாங்கிக் குடுத்தான்த்தா. காத்தைச் சுத்தம் பண்ணுமாம். இளைப்பே வராதாம்" என்றார் அம்மா.

தெருவுக்கு வந்த விற்பனைக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதுபத்திப் புகையை நிரப்பி, மெஷினைப் போட்டதும் சில நொடியில் புகை மறைந்ததைக் காட்டினாராம். தம்பி அதை நம்பி 8,500 ரூபாய் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா ராத்திரி மூச்சுக்குத் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் அவன்தான். ஆனால் நான் உறைந்துபோனது அடுத்து கேட்ட விஷயத்தில். மெஷின் வந்த பிறகு, இளைப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பைப் (இன்ஹேலர்) பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆள் சொல்ல, அம்மாவும் குறைத்திருக்கிறார். மூன்று வாரமாக இருமல் கூடியிருக்கிறது.

அன்றே மெஷினை அணைத்தேன். மறுநாள் விடியுமுன் போகி. தெருவில் எரிந்த பழைய பாயும் பிளாஸ்டிக்கும் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தன. 2013 ஜூனில் சிங்கப்பூரில் காட்டுத்தீப் புகை சூழ்ந்து, மாசுக் குறியீடு 401 தொட்ட நாளில் ஜன்னலை ஈரத்துணியால் அடைத்தது நினைவுக்கு வந்தது. அதையே இங்கும் செய்தேன்.

மருத்துவர் பார்த்த கதையை நன்றியோடு சொல்ல வேண்டும். போகியன்று மாலை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை, தூசியும் நெரிசலுமாகப் போய்ச் சேர்ந்து, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போனதும் அவர் அவசரப்படவே இல்லை. பம்பை எப்படி உறிஞ்சுகிறார் என்று அம்மாவைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். "அம்மா, மெஷின் மருந்து கிடையாது. பம்பை நிறுத்தாதீங்க. கொசுவத்திச் சுருளை இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அம்மா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அதை ஏற்றித்தான் படுத்துவந்தார். கொசுவலை வாங்கிக் கட்டினோம்.

பொங்கலன்று எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. வீதியெல்லாம் தடுப்பு, யாரும் வர முடியாது. 17ஆம் தேதிதான் தம்பிக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் பையன் வந்து டப்பாவைக் கழற்றினான். "அக்கா, இதுல ஃபில்டரே இல்லக்கா. வெறும் ஊசிதான்" என்றான்.

அதுதான் அயனைசர். ஊசி முனையில் உயர் மின்னழுத்தம் நிற்கும். அது காற்றிலுள்ள தூசிக்கு மின்னூட்டம் கொடுக்க, தூசி போய்ச் சுவரிலும் தலையணையிலும் ஒட்டிக்கொள்ளும். அறையை விட்டு வெளியே போவதில்லை. உதறினால், பெருக்கினால் மறுபடி கிளம்பும். டப்பாவுக்குப் பின்னால் சுவரில் கரும்படலம் படிந்திருந்ததன் காரணம் அது. அதே மின்சாரம் ஆக்சிஜனை உடைத்து ஓசோனையும் உண்டாக்கும். நான் முகர்ந்த வாடை அதுதான். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும், இளைப்பு உள்ளவர்களை முதலில் தாக்கும். எலுமிச்சை வாசனைத் தரை லோஷனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும் உருவாகும். கலிஃபோர்னியாவில் 2010 முதல், வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான் எதுவும் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோன் வெளிவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. எல்லா அயனைசரும் இவ்வளவு மோசமில்லை. ஆனால் எங்கள் டப்பாவில் ஓசோன் அளவு பற்றி ஒரு வரிகூட அச்சிடவில்லை. விற்றவரின் எண்ணுக்கு ஆறு தடவை அடித்தோம். "திருப்பி எடுக்க மாட்டோம்" என்ற பதிலோடு சரி.

தூசியை நுண்ணிய இழைகளில் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் வேறு வகை. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். வாயுவைப் பிடிக்காது, நாற்றத்துக்குக் கரி ஃபில்டர் வேண்டும். ஹெப்பா ஃபில்டர் உள்ள மெஷினைத் தேடி டவுன் ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறினேன். இரண்டு கடையில் மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்று கேட்டால் விழித்தார்கள், டிஸ்கவுன்ட்டைத்தான் சொன்னார்கள். மூன்றாவது கடைப் பையன் பெட்டியைப் பிரித்து, அந்த எண்ணைத் தேடிக் காட்டினான். அம்மாவின் அறை 12க்கு 12 அடி, உயரம் 10. ஏறக்குறைய 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று சுழல 205 வேண்டும். 230 உள்ளதை எடுத்தோம். அதிலும் ஒரு அயனைசர் பொத்தான் இருந்தது, அணைத்தே வைத்திருக்கிறோம்.

வீட்டில் முதல் வேலையாக ஃபில்டரைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையைக் கிழித்தேன். எதிர்வீட்டு அத்தை ஒரு வருஷமாக உறையோடேயே ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தயவுசெய்து உங்கள் வீட்டில் உள்ளதை இன்றே திறந்து பாருங்கள்.

சாம்பிராணியைத்தான் அம்மா விட மறுத்தார். வெள்ளிக்கிழமை முற்றத்தில் போட்டு, புகை அடங்கிய பிறகு உள்ளே வருவதாக ஒப்புக்கொண்டார். நான் கிளம்பும்போது இருமல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் ராத்திரி எழுந்து உட்காரவில்லை. பம்பும் புது மெஷினும் கொசுவலையும் ஒன்றாக வந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

மாற்று ஃபில்டர் ஒன்று வாங்கி பீரோ மேல் வைத்திருக்கிறேன். அதை மாட்ட வேண்டிய நாளைத் தம்பி தினசரிக் காலண்டரில் ஜூலைத் தாளை மடித்துக் குறித்திருக்கிறான்.